பச்சை லைட்டைக் கெடுக்காதே

– நான் தூங்கி எழுந்ததுமே இப்படி முறைக்காதே மோளே. நான் என்ன அதை உடைச்சா போட்டேன்? அணைச்சேன், அவ்வளவுதான்.

– எத்தனை மணிக்கு அணைச்சே? அதைச் சொல்லு முதல்ல.

– டியூட்டி முடிச்சு வந்த கையோட. ஆறுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும். சுள்ளிக்கல் முக்குல ஆரம்பிச்சு நம்ம வாசல் வரைக்கும் தெருவிளக்கு நாப்பத்தேழு ஸ்விட்சை அணைச்சுட்டு வரேன். உள்ள வந்தா நாப்பத்தெட்டாவதா ஒண்ணு மினுமினுக்குது. கை சும்மா இருக்குமா?

– அது தெருவிளக்கு இல்லப்பா. மோடம்.

– இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. விடிஞ்சா விளக்கு வேண்டாம்.

– அது வெளிச்சத்துக்கா எரியுது? இண்டர்நெட்டுக்கு எரியுது!

– ஆளே இல்லாத மேசையில யாருக்காக எரியுது?

– நான் இருந்தேன். விடிய விடிய டைப் அடிச்ச பரீட்சையை அனுப்பறதுக்கு அமுக்கிட்டு, முகம் கழுவப் போயிருந்தேன். ரெண்டே நிமிஷம். திரும்பி வந்தா லைன் இல்லே. மறுபடி ஸ்விட்சைப் போட்டு அதுக்கு உசிரு வர்றதுக்குள்ள ஆறு தாண்டிருச்சு. ஆறு மணிக்கு அவங்க வாங்கறதை நிறுத்திட்டாங்க.

– காலையில ஆறு மணிக்கா? எங்க ஆபீசுல அந்த நேரத்துக்குப் பூனைகூட வராது.

– சிரிக்கிற நேரமாப்பா இது? மோடத்து மேல சீட்டு ஒட்டியிருந்தேனா இல்லையா?

– ஒட்டியிருந்தே. படிச்சேன். ‘பச்சை லைட்டைக் கெடுக்காதே.’

– பின்னே?

– நான் எங்க கெடுத்தேன்? துண்டை எடுத்துத் தூசி தட்டினேன். ஒயரை நீவி விட்டேன். கைக்குழந்தையைத் தொடற மாதிரி ஸ்விட்சைத் தொட்டேன். ஒரு கீறல் இருந்தா காட்டு.

– ஐயோடா! கெடுக்காதேன்னா அணைக்காதேன்னு!

– அது மலையாளத்துல. தமிழ்ல, நாசம் பண்ணாதேன்னு. நீ தமிழ் எழுத்துல எழுதினே, நான் தமிழாப் படிச்சேன். மலையாளத்துல எழுதியிருந்தா மலையாளமாப் படிச்சு, கையைக் கட்டிக்கிட்டுப் போயிருப்பேன்.

– மலையாளத்துல எழுதினா, ‘என் பொண்ணு ஜிஷாவுக்கு ரெண்டு வரி தமிழ் வராது’ன்னு வெங்கிட்டு மாமாகிட்ட மூக்கைச் சிந்துவே. அதுக்காகத்தான் உக்காந்து யோசிச்சு எழுதினேன். ஒற்று எங்க வருதுன்னு அம்மாகிட்ட வேற கேட்டேன்.

– ஒற்றெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அதைப் பாத்துட்டு அப்படியே நின்னேன், தெரியுமா? பெருமையா.

– நின்னுட்டு?

– அணைச்சேன்.

– உன்னை என்ன பண்றதுன்னே தெரியலை.

– ராத்திரி பூரா கரண்டு செலவாகுதே மோளே. பகல்ல செய்யற வேலையைப் பகல்ல செய்யக் கூடாதா?

– பகல்ல நெட்டுக்கு அளவு வச்சிருக்கான். ராத்திரி ரெண்டு மணியில இருந்து காலை எட்டு வரைக்கும்தான் ஃப்ரீ. அந்த நேரம் பாத்து நீ அணைக்கறே. அப்புறம், மாசம் முழுக்க ராத்திரி எரிஞ்சாலும் அது ரெண்டு யூனிட்டுதான் திங்கும். வாளிக்குள்ள கம்பியைப் போட்டு வெந்நீர் வைக்கிறியே, உன் மூணு நாள் குளியலுக்கு அதைவிட ஆகும்.

– எனக்கு இடுப்பு வலி.

– அப்ப மோடத்தை விட உன் இடுப்புதான் கரண்டு திங்குது.

– சரி, தோத்தேன். இன்னியில இருந்து பச்சைத் தண்ணி. மோடம் எரியட்டும். இப்ப நான் ஒண்ணு கேக்கறேன், நேராச் சொல்லு. நீ பெங்களூர் போறியா, இல்லையா?

– சாயா ஆறுது. குடி.

– முந்தாநாள் கேட்டேன், பல்லு வலின்னே. நேத்து கேட்டேன், குளிக்கப் போனே. இன்னிக்கு சாயா. அம்மா எல்லாம் சொல்லிட்டா. டாக்டருங்க பேசி வச்சதைக் கேட்டு டைப் அடிக்கிற வேலை, பெங்களூர் கம்பெனின்னு. போச்சே, அந்தப் பரீட்சையை மறுபடி எழுத விடமாட்டாங்களா?

– ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான். ஒம்பது மணிக்கே ஃபோன் பண்ணிக் கேட்டேன். அந்தச் சேச்சி பாவம், தன்மையாத்தான் பேசினாங்க. ஆனா முடியாதுன்னுட்டாங்க. அந்த அமெரிக்க டாக்டர் வேற, வாயில கப்பைக்கிழங்கை அடக்கி வச்ச மாதிரிப் பேசறான். ஒவ்வொரு வார்த்தையும் பத்துத் தடவை கேட்டு அடிச்சேன்ப்பா.

– ஒரு உண்மை சொல்றேன், கோவிக்காதே. பரீட்சை போச்சுன்னு நீ சொன்னதும் எனக்குள்ள ஒருத்தன் துண்டை வீசி ஆடினான்.

– தெரியும். உன் மீசை ஓரத்துல சிரிப்பு வந்துச்சு.

– நீ எர்ணாகுளம் காலேஜுக்குப் போன மூணு வருஷமும், படகுத்துறை விளக்கை மட்டும் கடைசியாத்தான் போடுவேன். ஏன்னு நினைச்சே? அப்பத்தான் நீ போட்டுல இருந்து இறங்கறப்ப நான் அங்க நிக்க முடியும். பெங்களூருக்குப் போனா நான் எந்தக் கம்பத்தடியில நிக்கறது?

– போதும்ப்பா. போதும்.

– ஆனா அவன் ரெண்டு நிமிஷம்தான் ஆடினான். அப்புறம் உன் கண்ணைப் பாத்துட்டு உக்காந்துட்டான். நம்பரைக் கொடு. நானே பேசறேன். ‘என் பொண்ணு மேல தப்பில்லே, வீட்டுல ஒரு கிறுக்கன் இருக்கான், அவன் அணைச்சுட்டான், அவளை எடுத்துக்குங்க’ன்னு. கன்னடம் வராது. ஆனா எஞ்சினியர்கிட்ட இருபத்தாறு வருஷம் கெஞ்சின பழக்கம் இருக்கு.

– பெங்களூருக்குப் பேச வேண்டாம்ப்பா.

– ஏன், நான் பேசினா உனக்கு மானக்கேடா?

– அதல்ல.

– பின்னே என்ன? நீ போகணும்னு நானே வாயைத் திறந்து சொல்றேன். இதுக்கு மேல ஒரு அப்பன் என்ன செய்ய? போறியா, இல்லையா? சொல்லிடு.

– போறேன்ப்பா. பெங்களூர்ல போன வாரமே என்னை எடுத்துட்டாங்க. ராத்திரி டைப் அடிச்சது நம்ம எர்ணாகுளத்துல, தேவராவில இருக்கற கம்பெனிக்கு. இங்கயே, இந்த மேசையில உக்காந்து செய்யற வேலைக்கு.