கருஞ்சிப்பிக்கு விலை வைத்தவர்

கடலின் கணக்கறிந்தவரே, கரையோரின் மனமறிந்தவரே, எங்கள் மீன்வள அலுவலகத்தின் பொருளியல் ஆய்வாளர் அம்மையாரே, வணக்கம். இன்று நிறைவுறும் தங்கள் முப்பத்தோராண்டுப் பணியில் ஒரேயொரு நிகழ்வை, தாங்கள் கேட்டிருக்க, இந்த அவையோருக்குச் சொல்கிறோம்.

கப்பல்களின் அடியில் ஒட்டிவந்த அயல்கடல் கருஞ்சிப்பி, உணவுக்கு விற்கும் மட்டிகள் விளையும் கடலடிப் படுகைகளை மூடி, மட்டி எடுத்துப் பிழைத்த முந்நூறு குடும்பங்களைக் கைபிசைய வைத்த காலம் அது. அள்ளிவரும் கருஞ்சிப்பிக்குக் கிலோ கணக்கில் கூலி என்று திட்டம் வகுத்தவர் அம்மையார். ஓராண்டில் கிடங்கு நிரம்பி வழிந்தது. மேலிடம் மெச்சியது, பதவி உயர்வுக் கோப்பும் நகர்ந்தது.

அவருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. சிப்பி இவ்வளவு குவிந்தும் மட்டி ஏன் திரும்பவில்லை? படகேறினாலே தலைசுற்றும் அவர், எலுமிச்சைத் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு படுகைக்கே போனார். மூழ்கி எழுந்த ஒரு மட்டிக்கார அம்மா, அவர் கேட்டதும் ஒளிக்காமல் சொன்னார்.

"எடை நிக்கிற பெருசத்தான் எடுக்குறோம் மேடம். சின்னத விட்டுடுறோம், வளரட்டும்னு. எல்லாத்தையும் வழிச்சுட்டா அடுத்த மாசம் அடுப்பு எரியணுமே?"

மறுநாள் கூட்டத்தில் அம்மையார் எழுந்தார். "தப்பு அவங்க மேல இல்லைங்க. நான் சிப்பிக்கு விலை வச்சேன், அவங்க விளைய வச்சாங்க."

"இப்பப் போய் இதச் சொல்லணுமாம்மா? உங்க கோப்பு மேல போயிருக்கே," என்றார் இயக்குநர்.

"அதையும் திருப்பி வாங்கிக்குங்க சார்."

அந்த உயர்வு வர மேலும் ஆறாண்டு ஆயிற்று. அதற்குள் அம்மையார் கணக்கையே புரட்டிப் போட்டிருந்தார்: கூலி இனி அள்ளிய சிப்பிக்கு அல்ல, சுத்தமான படுகைக்கு; பாதி உடனே, மீதி ஓராண்டு கழித்தும் அது சுத்தமாக இருந்தால். கப்பலடியைச் சுரண்டும் செலவு கப்பல்காரர்கள் தலையில்.

பதினொரு படுகைகளில் எட்டு மீண்டன. ஆழத்திலிருந்த மூன்றைத் துடைக்கும் செலவு அவற்றின் விளைச்சலையே தின்றுவிடும் என்பதால், மனமின்றிக் கைவிட்டார். ஒன்று அந்த மட்டிக்கார அம்மாவுடையது. கடிதம் அனுப்பாமல் நேரில் போய்ச் சொன்னார். பக்கத்துப் படுகையில் பங்கும் வாங்கிக் கொடுத்தார். அந்த அம்மா ஓராண்டு முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

அம்மையாரே, கருஞ்சிப்பியை ஒழித்ததாக எழுதிவிடாதீர்கள் என்று தாங்கள் கண்டிப்பாகச் சொன்னீர்கள், எழுதவில்லை. அது இன்னும் இருக்கிறது. மட்டியும் இருக்கிறது. குன்றாத உடல்நலத்தோடு நெடுங்காலம் தாங்களும் இருங்கள்.

என்றும் அன்புடன்,
அலுவலக, ஆய்வுப் படகுப் பணியாளர்கள்