நாற்பது வீட்டு மரம்

அருமைராசா அண்ணை இன்று நன்றாகச் சவரம் செய்திருக்கிறார் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து பாதர், "ஏன் பிள்ளை இப்பிடிச் செய்தனீர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மறைக்க ஒன்றுமில்லை. சொன்னேன்.

எங்கள் கோயில் பங்கில் நாற்பத்தொரு தமிழ் வீடுகள். பனி கொட்டிப் பூசை நின்றாலோ, யாராவது இறந்தாலோ, ஒரு வீடு இரண்டு மூன்று வீடுகளுக்குத் தொலைபேசியில் சொல்லும். அவை மற்ற வீடுகளுக்குச் சொல்லும். தாளில் வீட்டுக்கு வீடு கோடு கீறினால் அது கிளைவிட்ட மரம். 2004 மார்கழியில் அந்தப் பட்டியலைப் புதுப்பிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பல்கலைக்கழகத்தில் நான் ஆராய்வதும் இத்தகைய மரங்களைத்தான். பூச்சியம் முதல் நாற்பது வரை வீட்டுக்கு ஓர் எண். ஒரு கோட்டின் இரு முனைகளிலுமுள்ள எண்களின் வித்தியாசம் வேறெந்தக் கோட்டிலும் வரக்கூடாது. எல்லா மரங்களுக்கும் இது முடியுமா என்று இன்னும் எவருக்கும் தெரியாது.

பங்குக்கு இது தேவையா என்று பாதர் கேட்டார். தேவையில்லை. ஆனால் அழகு.

ஏழு வாரம் முயன்றேன், வரவில்லை. நுனியில் தனியே தொங்கிய அண்ணையின் வீட்டை விரலால் மறைத்துப் பார்த்தேன். நாற்பது வீட்டுக்கு அன்று பின்னேரமே வந்துவிட்டது. கொஞ்சம் அழுதேன்.

உயிரோடிருப்பவரின் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டினால் எங்கள் பங்கில் சண்டை வரும். அதனால், அண்ணை ரொறன்ரோவுக்கு மகளிடம் போயிருந்தபோது, அவர் காலமாகிவிட்டாரென்று முதல் வீட்டுக்குச் சொன்னேன். பதினெட்டு நிமிடத்தில் செய்தி கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒருவர்கூட விடுபடவில்லை. அதையும் கவனிக்கவேண்டும்.

மறுநாள் ரொக்ஸ்பரோவில் அவர் வீட்டு வாசலில், பனிக்குள் நின்று எல்லோரும் செபமாலை சொன்னார்கள். அண்ணை சூட்கேசோடு வந்திறங்கி, தொப்பியைக் கழற்றிவிட்டுத் தானும் சேர்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் கேட்டார்.

"பிலோமினா, ஆர் செத்தது?"

"நீங்கள்தான் அண்ணை," என்றார் பக்கத்தில் நின்ற பிலோமினம்மா. "பொறுங்கோ, செபம் முடியட்டும்."

கதையைக் கேட்டு முடித்த பாதர் பட்டியலை என் பக்கம் தள்ளினார். "எல்லாரிட்டையும் மன்னிப்புக் கேளும். அண்ணையைத் திரும்பச் சேர்த்துவிடும்."

மன்னிப்புக் கேட்கச் சம்மதித்தேன்.

"மன்னிப்பு ஒண்டும் வேண்டாம் பிள்ளை," என்றார் அண்ணை. "எனக்கு ஒரு கோடு கீறிவிடு, காணும். எனக்கு வாறது அந்த ஒரு போன்தான்."

அவர்மேல் எனக்கு ஒருபோதும் கோபம் இருந்ததில்லை. பேனையை மூடி மேசையில் வைத்தேன்.

"ஏலாது அண்ணை," என்றேன், மெதுவாக.

அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். விளங்கிக்கொண்டார்.