ஒரு பைசா வட்டி இல்லாத காரு

ஒரே ஒரு ஊர்ல, ஆம்பூர்னே வச்சிக்குங்களேன், ஒரே ஒரு கார்டு இருந்துச்சாம். அந்தக் கார்டுக்கு வட்டியே கெடையாதாம்! சிரிக்காதீங்க தம்பி. அரக்கோணத்துல இருந்து வந்து, கார ஏன்க்கா விக்கிறீங்கன்னு கேட்டீங்க இல்ல? அத இப்படித்தான் சொல்ல முடியும். நேரா சொன்னா எனக்கு அழுகை வந்துடும், இல்லன்னா சிரிப்பு வந்துடும். பாருங்க, வந்துடுச்சு!

ஏன் நிக்கிறீங்க, ஒக்காருங்க. சேர்ல இல்ல, கார்ல. முன்சீட்டுல. எப்படி இருக்குது, மெத்துன்னு இல்ல? அது ரெக்சின் இல்லீங்க, அசல் லெதரு! ஷூ பேக்டரில செக்கிங் சூப்பர்வைசரு நானு. ரிஜெக்ட் பீஸ எடைக்கு வாங்கியாந்து நானே தெச்சது. அதான் ஒரு சீட்டு கருப்பு, ஒரு சீட்டு செர்ரி, பின்னாடி பாதி பச்சை. பச்சை ஏதோ வெளிநாட்டு ஆர்டரு, கேன்சலாயிடுச்சு. தையல எண்ணிப் பாருங்க, இஞ்சுக்கு எட்டு. ஒண்ணு கம்மியா இருந்தா கார ஓசிலயே எடுத்துனு போங்க... அய்ய, நெஜமாவே எண்றீங்களே!

உங்க கூட வந்த மெக்கானிக்கு, தபரேஸ்தான பேரு, டீ குடிச்சிட்டு வர்றேன்னு போய் அரை மணி நேரம் ஆவுது. நான் ஜாஸ்தி பேசறேன்னு ஓடிட்டாரா? பரவால்ல, நீங்க இருக்கீங்க இல்ல.

எங்க பேக்டரி லைன்ல மஹ்பூபின்னு ஒரு தோஸ்த் எனக்கு. இருபத்திரண்டு வருஷமா பக்கத்துப் பக்கத்துல நின்னு ஷூ பார்க்கிறவங்க நாங்க. வட்டின்னா அவ அந்தத் தெருவுக்கே போக மாட்டா. தையல் மிஷின்ல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் துட்டு சேர்த்துத்தான் வாங்குவா. எனக்கு அந்தப் பொறுமை ஏது? கம்பெனி வேன்ல, டயருக்கு மேல இருக்கிற சீட்டுல, இத்தினி வருஷம் குதிச்சினே போனவ நானு. இடுப்பு இடுப்பாவா இருக்கும்? ஒரு நாள் பொங்கிடுச்சு. கார் வாங்கறேன்னு சொல்லிட்டேன். டிரைவிங்கும் கத்துக்கினேன். எங்க வூட்டுக்காரரு அருணகிரி ராணிப்பேட்டைல வேலை, ஞாயித்துக்கெழமதான் வருவாரு. "உனக்கின்னாத்துக்குடி காரு"ன்னாரு. இப்ப வந்தா அந்த செர்ரி சீட்ட உட்டு எறங்க மாட்டேங்கிறாரு!

இந்தக் காரு, செகண்ட் ஹேண்டுதான், ஒரு லட்சத்து எண்பதாயிரம். கையில எண்பதாயிரம் இருந்துச்சு. பாக்கி ஒரு லட்சத்துக்கு இன்னா பண்றது? எதிர்வூட்டுப் பொண்ணு ஜாஸ்மின் பேங்குக்கு ஆள் புடிச்சி கிரெடிட் கார்டு வாங்கித் தர்ற வேலை பார்க்குது. "அக்கா, இந்தக் கார்ட தேய்ச்சா அம்பது நாள் வரைக்கும் வட்டியே இல்லக்கா"ன்னா. எனக்கு ஏலச்சீட்டு ஒரு லட்சம் வரணும், இருபதாம் தேதி. அதாவது, கார் வாங்கி நாப்பதாவது நாள். சீட்ட எடுத்து கார்ட அடைச்சிட்டா முடிஞ்சிது. ஒரு பைசா வட்டி இல்ல! எவ்ளோ ஷோக்கான கணக்கு, சொல்லுங்க!

லைன்ல போய் பீத்திக்கினேன். மஹ்பூபி சிரிச்சா. "வட்டி இல்லாம எவன் குடுப்பான் கமலம்? எங்கியாவது ஒளிச்சி வச்சிருப்பான், பாரு"ன்னா. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. அறுபது பேரு முன்னாடி, "ஒரு பைசா வட்டின்னு வந்துச்சுன்னா அன்னிக்கே கார வித்துடுவேன், சத்தியம்!"னு சொல்லிட்டேன். எவளாவது சத்தியம் கேட்டாளா? நானா குடுத்தேன்.

கார் விக்கிற ஆளு கார்டு மெஷினுக்குன்னு ரெண்டாயிரம் ஜாஸ்தி வாங்கினான். அது வட்டி இல்லீங்க, மெஷின் கூலி. மஹ்பூபியே ஒத்துக்கினா... பாதி ஒத்துக்கினா.

இப்ப இன்னா பேஜாருன்னா, ஒரு லட்சத்த நாளைக்கு, ரெண்டாம் தேதிக்குள்ள கட்டணுமாம்! வாங்கி முழுசா ஒரு மாசம் ஆவல தம்பி. அம்பது நாள் எங்க போச்சு? நாளைக்கு கட்டலன்னா வட்டி. அதுவும் தேய்ச்ச நாள்ல இருந்தே போடுவானாம். மூணு நாளா பேங்க திட்டறேன், ஜாஸ்மின திட்டறேன், கார்ட எடுத்து அரிசி டப்பாவுல போட்டு அதையும் திட்டறேன்...

ஜாஸ்மினா? அது சொல்லாம ஒண்ணும் இல்ல. சொன்னா. பன்னெண்டாம் தேதி பில்லு போடுவாங்க, நீங்க பதிமூணாம் தேதி தேய்ங்க, அப்பதான் அம்பது நாளும் முழுசா கெடைக்கும், முன்னாடி தேய்ச்சா இருபது நாள்லயே கட்டணும்னு சொன்னா. காலண்டர்ல பேனாவால சுழிச்சே குடுத்தா. நானும் பார்த்தேன். பதிமூணு, அஷ்டமி! அஷ்டமில போய் கார் எடுப்பாங்களா? நீங்களே சொல்லுங்க. பதினாலு நவமி. அதுக்கப்புறம் வேற பார்ட்டி வருதுன்னு கடைக்காரன் சொல்றான். பதினொண்ணு பாருங்க, வளர்பிறை சஷ்டி! முருகனே கைய புடிச்சி இட்டுனு போன மாதிரி போனேன். கடைல நிக்கிறேன், ஜாஸ்மின் போன் பண்றா. "அக்கா, ரெண்டே நாள்க்கா, ரெண்டே நாள் பொறுங்கக்கா." நல்ல நேரம் முடிய நாலு நிமிஷம்தான் இருக்கு. போன கட் பண்ணிட்டு கார்ட நீட்டிட்டேன்.

ஆமா. நான்தான். பேங்கும் இல்ல, ஜாஸ்மினும் இல்ல.

இத இன்னும் மஹ்பூபி கிட்ட கூட சொல்லல. உங்க கிட்டதான் மொத மொதல்ல...

சரி, உடுங்க. சத்தியம்னா சத்தியம். ஒண்ணு நாப்பத்தஞ்சு தர்றேன்னு சொன்னீங்க இல்ல? குடுங்க. நாளைக்கு கார்ட அடைச்சிட்டு, ஒரு பைசா வட்டி கட்டாதவன்னு தலைய நிமித்தினு வேன்ல போறேன்.

இன்னா தம்பி? வட்டி எவ்ளோ வருதா? ஜாஸ்மின் கணக்கு போட்டா. இருபதாம் தேதி வரைக்கும், வரி கிரி எல்லாம் சேர்த்து அஞ்சாயிரம். ஆமா, அஞ்சாயிரம்தான்... நான் வாங்கினது ஒண்ணு எண்பது, நீங்க குடுக்கிறது ஒண்ணு நாப்பத்தஞ்சு, ஆமா... இருங்க. இன்னொரு வாட்டி சொல்லுங்க.

அஞ்சாயிரம் வட்டிக்கு பயந்து முப்பத்தஞ்சாயிரம்...

அய்யய்யோ! அய்யய்யோ தம்பி! முக்கா மணி நேரமா நான்தான் பேசினு இருந்தேன். வட்டி எவ்ளோன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டு உங்க வியாபாரத்த நீங்களே கெடுத்துக்கினீங்களே! எறங்குங்க. சாவிய குடுங்க. ஒண்ணு அறுபதா? ரெண்டு லட்சம் குடுத்தாலும் இல்ல. நாளைக்கு சம்பளத்துல கொஞ்சம் கட்டறேன், சீட்டு வந்ததும் மீதிய வட்டியோட கட்டறேன்!

மஹ்பூபிகிட்டயா? சொல்லிடறேன். காலைல அவ வூட்டு வாசல்லயே கார நிறுத்தி, ஹாரன் அடிச்சி, "ஆமாடி, வட்டிதான்! நீ சொன்னது கரெக்டு. நான் பொய் சத்தியம் பண்ணவ, ஆனா இடுப்பு வலி இல்லாதவ"ன்னு சொல்லப் போறேன். அறுபது பேரும் சிரிக்கட்டும். வட்டி கட்டற கார்ல அவ ஏற மாட்டா, எனக்குத் தெரியும். பத்து நாள் பேசவும் மாட்டா. பேசாத தோஸ்த பக்கத்துல வச்சினு ஷூ பார்க்கிறது... உடுங்க, அத நான் பார்த்துக்கறேன்.

எங்க கெளம்பிட்டீங்க? கோவமா தம்பி? அட, ஸ்டேஷனு அந்தப் பக்கம் இல்லீங்க! இருங்க, அரக்கோணம் வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கு, நான் கார்லயே உடுறேன்... பச்சை சீட்டுல ஒக்காருங்க... தம்பி! அய்ய, ஏன் ஓடறீங்க?