நடுவில் நிற்பது

"நடுவில ஒண்டு நிக்குது மச்சான். ஒருத்தரும் அதைக் கண்டதில்ல."

கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகும் படகில், எனக்கு முன்னால் நின்ற கண்ணாடிக்காரர் சொன்னது இது. பல்கலைக்கழகக் கம்பஸில் படிப்பிக்கிறவராம். பக்கத்தில் நின்ற அவருடைய மச்சான் வாவியில் மீன் பிடிக்கிறவர். தோளில் வலை கிடந்தது. காலை வெயிலில் தண்ணீர் அசையவில்லை.

"பேயோ?"

"இல்லடாப்பா. கனதூரத்தில ஒரு கெலக்ஸி, நட்சத்திரக் கூட்டம். அதில இருந்து ரேடியோ அலை வருது. அது ஒரே பக்கமாத்தான் ஆடி ஆடி வரும்." கையை நெட்டாகப் பிடித்து ஆட்டிக் காட்டினார். பிறகு மெல்லச் சரித்தார். "நம்மட்ட வந்து சேரக்குள்ள இப்பிடிச் சரிஞ்சிரிக்கு."

"ஆர் சரிச்ச?"

"வழியில இன்னொரு கெலக்ஸி. அதிட காந்தப்புலம். கண்ணால காணேலா. அலை சரிஞ்சதை வச்சித்தான் அங்க ஒண்டு இரிக்கெண்டு சொல்றம்."

நடு வாவியில் படகோட்டி படகை இடப்பக்கம் ஒதுக்கி, வெறும் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போனான்.

"ஏன் வளைக்கிறான்? அங்க கல்லோ?" கண்ணாடிக்காரர் கேட்டார்.

"இல்ல."

"ஆழம் காணாதோ?"

"நல்ல ஆழம்."

"அப்ப அங்க என்ன இரிக்கு?"

"தெரியா. பிரச்சினை நேரம், சண்டை நடந்த காலத்தில இருந்து நாங்க எல்லாரும் தோணியை இதில வளைச்சித்தான் விடுற. ஏனெண்டு கதைக்கிறல்ல."

கண்ணாடிக்காரர் படகோட்டியைத் திரும்பிப் பார்த்தார். "இவனும் உங்கட ஊரோ?"

"இல்ல. வெளியூரான், போன மாசந்தான் வந்தவன்." மீன்காரரின் குரல் தணிந்தது. "இவனுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல்ல மச்சான்."