மூச்சு முட்டுன காரும் பெரிய சாமியும்

எந்திரிக்காதீங்க சாமி, எந்திரிக்காதீங்க! அந்த நாற்காலிலயே உக்காருங்க, லாங்கன் மரத்து நெழலு நல்லாத்தான் இருக்குது. ஒரே நிமிசம். பானட்டத் தொறந்தேன், மூடுனேன், கெளம்பிட்டோம்... அவ்வளவுதான். நல்லவேளை, நம்ம வீட்டு வாசல்கிட்ட வந்து நின்னுச்சு. நடுரோட்டுல நின்னிருந்தா? புத்தர் கோயில் பெரிய சாமிய வெயில்ல நிறுத்துன பாவி இந்தப் பூன்மான்னு லாம்பூன் ஊரு முழுக்கச் சிரிச்சிருக்கும்.

என்ன காருங்க இது! எத்தன மலை ஏறுன காரு! இன்னிக்கினு பாத்து, ஆக்சிலேட்டர மிதிச்சா முக்குது, மொனகுது, நகர மாட்டேங்குது. எங்க மாமியாரச் சோபாவ விட்டு எந்திரிங்கன்னு சொன்ன மாதிரி. ஐயோ... சாமி முன்னாடி மாமியாரப் பேசக்கூடாது. வாய் தவறிருச்சுங்க.

எல்லாம் பிரசித்து கண்ணு வெச்சதுங்க. அதான், எம் பொண்டாட்டியோட தம்பி. புது வேன் வாங்கிட்டு அவன் பண்ற அலம்பல் இருக்குதே! "மாமா, அத்தன சாமிகளயும் நானே கூட்டிட்டுப் போயிர்றேன், உங்க காரு வழில படுத்துக்கும்"ங்கறான். எப்புடி இருக்கும் எனக்கு? கடை எம் பொண்டாட்டி கடை! இன்னிக்குத் தொறப்பு விழா! "மத்த சாமிகள நீ ஏத்திக்க, பெரிய சாமி என்ற கார்லதான் வருவாரு"ன்னு நெஞ்ச நிமித்திட்டுச் சொல்லிட்டு வந்தனுங்க. இப்பப் பாருங்க, நிமித்துன நெஞ்சு பானட்டுக்குள்ள கவுந்து கெடக்குது.

இருங்க, போன்... எம் பொண்டாட்டிதான். "ஆங், புவாலாய்... வந்துட்டே இருக்கறோம்... கால்வாய்ப் பாலத்துகிட்ட... அதா? அது காத்துச் சத்தம்மா..."

என்ன சாமி அப்புடிப் பாக்கறீங்க? பொய்தான். சின்னப் பொய். இங்கிருந்தே பாலம் தெரியுதுங்களே, அப்ப பாதி நெசந்தான?

பாவம், அவ தவிப்பும் நாயந்தானுங்க. உச்சிப்பொழுது தாண்டிருச்சுன்னா நீங்க ஒரு வாய் சாப்பிட மாட்டீங்க. விடியங்காட்டியும் எந்திரிச்சுத் தேங்காப்பால் புழிஞ்சிருக்கறா. கோழி, மஞ்ச நூடுல்ஸு, மேல பொரிச்சுப் போடறது... இந்தக் காவ் சோய்னா அவகிட்ட வாங்கோணும் சாமி! எங்க மாமனாரு ஒடம்பு முடியாமப் படுத்தப்ப, தலைல கூடைய வெச்சுட்டுச் சந்தைல வித்தவ. அப்பயிருந்தே சொந்தக் கடை, சொந்தக் கடைன்னு பொலம்பல். மொதக் கிண்ணம் பெரிய சாமிக்கு வெச்சுட்டுத்தான் யாருக்கும் ஊத்துவேன்னு இருக்கறா. அதுக்குப் போயி இந்தத் தகர டப்பா...

பேட்டரி ஒயரு? நல்லா இறுக்கமா இருக்குது. பிளக்கு? நல்லாருக்குது. அப்ப பெட்ரோல்ல தண்ணி! நெனச்சேன். இல்ல இல்ல, அப்புடின்னா காலைலயே நின்னிருக்கும்...

காத்து உள்ள போற ஏர் ஃபில்டரா இருக்காது. அது மட்டும் இருக்கவே இருக்காது! காலைலதான் உங்களுக்காகவே புதுசு மாட்டுனேன். என்ற கையால! காடு எரியற மாசத்துப் பொகைய மொத்தமாக் குடிச்சு, பழசு கரிச்சட்டி மாதிரி ஆயிருச்சுங்க. தட்டுனா சாம்பலு, வண்டு ரெக்க, பல்லி வாலு... பல்லியக் காணோம், வாலு மட்டும்! ஒர்க்ஷாப்காரன் "உனக்கெதுக்குண்ணா இந்த வேல, உட்டுட்டுப் போ"ன்னான். என்ன பெரிய வேல? நாலு கிளிப்பு, ஒரு மூடி. போன்ல வீடியோவப் போட்டேன், கிளிப்ப நெம்புனேன். ஒண்ணு தெறிச்சுப் போயி துளசித் தொட்டிக்குள்ள உழுந்துச்சு. தேடி எடுத்து, மாட்டி, 'டக்'குனு ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க... முத்தமிட்ட சத்தம்! நான் ஆடிட்டனுங்க. வாசல்லயே. பக்கத்து வீட்டம்மா பாத்துருச்சு.

காட்டறேன் பாருங்க, எவ்ளோ அழகா உக்காந்திருக்குதுன்னு. இந்தா, கிளிப்பு... மூடி... பாத்தீங்களா? வெள்ளவெளேர்னு! பளபளன்னு! ஒரு தூசி கெடயாது... பளபளன்னு...

இது ஏன் பளபளங்குது?

...ஓ.

சாமி. கவரு. பிளாஸ்டிக் கவரு. பிரிக்காமயே மாட்டி வெச்சிருக்கறேன்! ஓரத்துல கொஞ்சூண்டு கிழிஞ்சிருக்குது, அந்த ஓட்டைல மூச்ச இழுத்துட்டு இவ்ளோ தூரம் வந்திருக்குது பாவம்! எம் மூஞ்சில ஒரு பையக் கட்டி ஓடுறான்னா நான் ஓடுவனா? ஹா ஹா ஹா... ஐயோ வயிறு வலிக்குது! சிரிங்க சாமி, சும்மாச் சிரிங்க, பிரசித்துகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. சாமி?

சாமி!

எங்க போனாரு? நாற்காலில நாய் உக்காந்திருக்குது! அடக் கடவுளே, அதா, ரோட்டுல... காவித்துணி... பாலத்துகிட்டப் போயிட்டாரே!

சாமீ! நில்லுங்க! பாருங்க, எப்புடிச் சீறுதுன்னு! கவரப் பிரிச்சதும் குதிர மாதிரி! ஏறிக்குங்க சாமி. வெயிலு சுடுது, வெறுங்காலு... தலைய ஆட்டுனா எப்புடிங்க? பின்னாடிக் கதவாவது தொறக்கட்டுங்களா? வேண்டாமா? செரி, உங்களத் தாண்டி நான் எப்புடிப் போறது? மரியாதையா இருக்குமா? பின்னாலயே வர்றேன். முட்டாம வர்றேன், பயப்படாதீங்க.

ஐயோ, எம் பின்னாடி மாம்பழ லாரி. அதுக்குப் பின்னாடி ஸ்கூல் வேன். ஒருத்தனும் ஹாரன் அடிக்க மாட்டேங்கறான் சாமி, உங்களப் பாத்துட்டு! அந்த ஸ்கூட்டர்காரப் புள்ளைங்க கும்பிட்டுட்டே வரிசைல சேருதுங்க. இதென்ன கூத்து!

போன்... "ஆங், சொல்லு... இல்ல, தொலையல... என்னது? தெரியுதா? கடைலயிருந்தே தெரியுதா? ஏண்டி அழுவற?... என்ன ஊர்வலம்?... ஆமா. ஆமாமா! உனக்குச் சொல்லாம வெச்சிருந்தேன். பின்ன, எம் பொண்டாட்டி கடைக்குப் பெரிய சாமி சும்மாவா வருவாரு?"

சாமி, கேக்குதுங்களா? மேளம்! அவங்க ஊர்க்காரங்க நீள மேளத்தத் தூக்கிட்டு எதுக்க வர்றாங்க! எங்க மாமியா... எங்க மாமியா எந்திரிச்சு ஆடுது சாமி! புவாலாயப் பாருங்க, கரண்டியோடவே ஓடியாறா. அந்தா வேன் பக்கத்துல பிரசித்து. வாயத் தொறந்தவன் மூடவே இல்ல.

சாமி... உச்சிக்கு இன்னும் நேரங் கெடக்குது. கொஞ்சம் மெதுவா நடங்களே.