ரோட்டோரப் பச்சை

— ஜீப்பை விட்டு இறங்கினியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு மாப்ள.

— மெதுவா பேசுங்க மாமா. இது ஆபீஸ். கதவுக்கு அந்தப் பக்கம் ஆளுங்க உட்கார்ந்திருக்காங்க.

— கேட்கட்டும். அவங்கெல்லாம் வறட்சி நிவாரணம் வாங்க வந்தவங்க. ஏன் வரலைன்னு கேட்க வந்தவன் நான் ஒருத்தன்தான். இந்தப் பக்கத்து வயலுக்கு உண்டு, அந்தப் பக்கத்து வயலுக்கு உண்டு. நடுவில என் சோளம் மட்டும் செழிப்பா நிக்குதாம். வானம் என் வரப்புக்குள்ள மட்டும் அளந்து பெஞ்சுதோ?

— எழுதினது நான் இல்லை, பெரிய அதிகாரி. ரோட்டிலேருந்து பார்த்தோம். பயிர் பச்சையா நின்னுது. முறைப்படி, பச்சையா நிக்கிறதைக் காய்ஞ்சதுன்னு எழுத முடியாது.

— பத்தடி உள்ள வந்திருந்தா உன் முறை தெரிஞ்சிருக்கும். தட்டையைத் தொட்டா பொடியா உதிருது. மாடு மோந்து பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்குது. மத்தவன் வயல்லயெல்லாம் இறங்கி நடந்தீங்களே, என் வயல்ல என்ன முள்ளா போட்டிருந்தேன்?

— நான்தான் இறங்க வேண்டாம்னு நினைச்சேன். சொந்தத்துக்குச் சலுகை காட்டறான்னு பேச்சு வரும். யார் வயல்னு அவர் கேட்டார். எங்க அக்காவோடதுன்னேன். இந்த வறட்சியிலயும் நல்லா வெச்சிருக்காங்களேன்னு முதுகுல தட்டினார்.

— உனக்கு முதுகுல தட்டு, எனக்கு வயித்துல அடி. கொடுத்து வெச்சவன்டா நீ.

— மாமா.

— என்ன மாமா? அந்தப் பணம் வந்தாத்தான் விதை. விதை இல்லைன்னா நிலத்தை ரைஸ்மில்காரனுக்குக் குத்தகைக்கு விடணும். என் வரப்புல நானே அவனுக்குக் கூலிக்கு நிக்கணும். ஆபீசர் வீட்டுச் சம்பந்தம்னு ஊரே பொறாமைப்பட்டுது. நல்லா பட்டுது.

— நேத்து சாயங்காலம் தனியா போய்ப் பார்த்தேன். ரோட்டோரம் நாலு வரிசைதான் பச்சை. அதுக்கு உள்ள எல்லாம் சருகு.

— பார்த்துட்டேல்ல? அப்ப மாத்தி எழுது.

— ஒரே கையெழுத்துல மாத்தற விஷயம் இல்லை. அந்த நாலு வரிசை எப்படிப் பச்சையாச்சுன்னு கேட்பாங்க.

— ரோட்டுக் குழாய் கசியுது போலன்னு நான் கண்டுக்கலை.

— குழாயும் வறண்டுதான் கிடக்கு. ஒவ்வொரு செடி அடியிலயும் குடத்துத் தண்ணி ஊத்தின பள்ளம் இருக்கு. ஆள் வேலை மாமா. ஆய்வுக்கு வர்றவங்களை ஏமாத்தணும்னே யாரோ செஞ்சிருக்காங்க. அதை நிரூபிச்சா மறு ஆய்வுக்கு வழி இருக்கு. பேர் வேணும். உங்களுக்கு வேண்டாதவங்க யாரு?

— யாரா? அந்த ரைஸ்மில்காரன்தான். நிவாரணம் நின்னா நிலம் தானா மடியில வந்து விழும்னு கணக்குப் போட்டிருக்கான். எழுது, கொட்டை எழுத்துல எழுது.

— எழுதறேன். ஆனா சாட்சி வேணும். அக்கா, பொழுதன்னிக்கும் வயல்லதானே இருக்கே, யாரையாவது பார்த்தியா? வந்ததுலேருந்து சுவத்தையே பார்த்துட்டு நிக்கறியே.

— கேட்கறான்ல, வாயைத் திற. தம்பிக்காரனுக்குப் பரிஞ்சு பேசன்னா முந்திக்கிட்டு வருவே.

— அந்த மனுஷன் பேரை அடிச்சுடு தம்பி. பெரிய ஆபீசரை நீதான் கூட்டிக்கிட்டு வரப்போறேன்னு கேள்விப்பட்ட நாள்லேருந்து, இவர் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி, குடிக்க வெச்ச தண்ணியை நான்தான் சுமந்து ஊத்தினேன். 'இதுவா உங்க அக்கா வயல்?'னு அவர் உன்னைப் பார்த்துக் கேட்டுடக் கூடாதேன்னு.