பிரிக்காத பொட்டலம்

எனக்குப் பூ கட்ட நன்றாக வரும், சார். எங்கள் தெருமுனைப் பிள்ளையாருக்குப் பதினோரு வருஷமாக நான்தான் மாலை கொடுக்கிறேன். கோயில் வாசலில் உட்கார்ந்து கட்டும்போது நாலு வீட்டுச் சங்கதி தானாகவே காதில் விழும். நானாகத் தேடிப் போனதில்லை. நேரில் சரசக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ரேடியோ என்பார்கள். அதுவும் காதில் விழுந்ததுதான்.

மெக்கானிக் ஆதிமூலத்தை நேற்றிலிருந்து இங்கே ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்களாம். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஏன் என்று சொல்லத்தான் வந்தேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், பழக்கம்.

என் பக்கத்து வீட்டு முருகையனின் பிக்கப், அவன் அப்பா ஏலத்தில் எடுத்தது. அறுபத்திரண்டாம் வருஷத்து வண்டி. பச்சை நிறம், உருண்டை முகப்பு. ரமணாசிரமம் பக்கம் போனால் வெள்ளைக்காரர்கள் நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள். அன்று முழுக்க முருகையன் தரையில் நடக்கமாட்டான். மற்ற நாளில் கீழ்பென்னாத்தூரிலிருந்து மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டை ஏற்றுவான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி, கிரிவலம் வருகிறவர்களுக்கு ஊற்ற அடி அண்ணாமலைக்கு மோர் டிரம் போகும். பின்னால் டிரம்களுக்கு நடுவே அவன் பெண்டாட்டி பொன்னியும் நானும் உட்கார்ந்து போவோம்.

இந்த மாசியில் வண்டியின் சேஸ், அதாவது அடிச்சட்டம், துருப்பிடித்துக் கையோடு உதிர்ந்தது. ஆதிமூலம் இரண்டு வழி சொன்னார். பழைய சேஸுக்கே இரும்புப் பட்டை அடித்து ஓட்டலாம். இல்லையென்றால் மேல் பாடியை அப்படியே தூக்கி, புது மாடல் வேன் ஒன்றின் சேஸில் உட்கார வைக்கலாம். கீழ்பென்னாத்தூரில் அப்படி ஒன்று விலைக்கு வந்திருந்தது.

முருகையன் பதினைந்து நாள் சாப்பாடு இறங்காமல் திரிந்தான். கேட்காத ஆளில்லை. என்னிடமும் கேட்டான்.

"அடிய மாத்திட்டா அது எங்க நைனா வண்டியாக்கா, வேற வண்டியாக்கா?"

"உங்க நைனா கடைசில பல்லு செட்டு மாத்தினாரே. அப்புறம் அவரு உங்க நைனா இல்லியா?"

சிரித்தான். ஆனாலும் தெளியவில்லை. கடைசியில் பொன்னிதான், பிள்ளையார்கிட்ட பூ கேட்டுடலாம் என்றாள். உங்களுக்குத் தெரியாததில்லை, சார். சிவப்பு அரளி வந்தால் மாற்றுவது, வெள்ளை நந்தியாவட்டை வந்தால் பழையதையே ஒட்டுப்போடுவது. இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்து சாமி முன்னால் வைத்து, குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள்.

"வீட்டாளுங்க மடிக்கக் கூடாதாம்க்கா. நீங்களே மடிச்சுத் தாங்க" என்றாள்.

மடித்தேன். அவர்கள் மகள் கீர்த்தனா, ஒன்பது வயது, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். சிவப்பு. பொன்னி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. நான்தான் அதைக் கிணற்றில் போட்டேன். அதிலும் சிவப்புதான் இருந்தது.

பொன்னிமேல் எனக்கு விரோதம் ஏதுமில்லை. தை மாதம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள மதில்மேல் தகரம் அடித்தாள். "வெயில் ஜாஸ்தியா இருக்குக்கா" என்றாள். வடக்குப் பக்கத்து மதிலில் ஏது வெயில். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் எழுந்தால் தகரம், துணி காயப் போட்டால் தகரம். அவ்வளவுதான்.

கீழ்பென்னாத்தூரில் என் தங்கை சந்திரகலா இருக்கிறாள். பூ கேட்பதற்கு நாலு நாள் முன்பே சொல்லியிருந்தாள். அந்த வேன் பள்ளத்தில் விழுந்து சேஸ் நடுவில் விரிசல் விட்டதாம். வெல்டிங் வைத்துத் தாரைப் பூசிவிட்டார்களாம். தெருவுக்கே செய்தி சொல்கிற நான் இந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. வண்டி நடுரோட்டில் நிற்கும், பொன்னி தலை குனிந்து இறங்குவாள் என்று மட்டும்தான் நினைத்தேன்.

ஆதிமூலம் கெட்டிக்காரர். தாரைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவேன் என்றார்.

"சாமி சொன்னதுக்கு மேல என்னண்ணே பாக்கப் போறீங்க? சித்ரா பௌர்ணமிக்குப் பத்து நாள்தான் இருக்கு" என்றாள் பொன்னி.

அவரும் பக்திமான். சுரண்டவில்லை. கற்பூரம் ஏற்றிவிட்டுப் பாடியைத் தூக்கி வைத்தார். சாமி பார்த்துவிட்டது என்றால் மனுஷன் குனிந்து பார்ப்பானா, சார்?

சித்ரா பௌர்ணமி அன்று சாயங்காலம் நாலு மணிக்கு, மூன்று டிரம் மோரோடு வண்டி கிளம்பியது. கீர்த்தனா முன்னால் அப்பா பக்கத்தில். பொன்னி பின்னால். அடி அண்ணாமலைத் திருப்பத்தில் சேஸ் நடுவில் ஒடிந்து வண்டி சாய்ந்தது. டிரம் பொன்னியின் மார்பில் விழுந்தது. மற்றதெல்லாம் உங்கள் காகிதத்தில் இருக்கிறது.

சாவுக்குப் பந்தல் போட முருகையன் அந்தத் தகரத்தைத்தான் பிடுங்கினான். திருப்பி அடிக்கவில்லை. இப்போது அவர்கள் வீடு முழுக்கத் தெரிகிறது. அந்தப் பெண் கீர்த்தனா பூ வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. முருகையன் மதிலருகே வந்து, "சாமி ஏன்க்கா பொய் சொல்லுச்சு?" என்று கேட்கிறான். தினமும் கேட்கிறான். அதனால் என் பக்கத்தில் நானே ஒரு சேலையைக் கட்டி மறைத்திருக்கிறேன்.

எப்போதும் போகிறவள், அன்றைக்கு மட்டும் ஏன் வண்டியில் ஏறவில்லை என்று கேட்கிறீர்கள். முழங்கால் வலி, சார். பொன்னிகூட, "தைலம் தேச்சுக்குங்கக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினாள். வேறு காரணம் எதுவும் இல்லை. ஆனால் பௌர்ணமி விட்டுப்போகக் கூடாதே என்று, வண்டி போன பிறகு நடந்தே கிளம்பினேன். திருப்பத்துக்கு வந்தபோது ரோடெல்லாம் மோர், ஒரே கூட்டம். கிரிவலத்தைப் பாதியில் விடுவது பாவம் என்று, மிச்சம் ஆறு கிலோமீட்டரையும் நடந்து முடித்துத்தான் வீட்டுக்கு வந்தேன்.